ஜுலேகா இமைத்த வியாழக்கிழமை

டாக்காவின் மீர்பூரில் ஒரு நாலாவது மாடியில் ஜுலேகா பேகம் பத்து வருடமாகப் படம் வெட்டுகிறாள். எந்தெந்த நாட்டுக் கடைகளோ அனுப்பும் படங்களில் உள்ள செருப்பு, கைப்பை, புதுச் சட்டை மாட்டிய பெண்கள் என எல்லாவற்றையும் கணினித் திரையில் கோடு இழுத்துப் பின்னணியிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். செருப்பை எவன் வேண்டுமானாலும் வெட்டிவிடுவான். காற்றில் பறக்கும் தலைமுடியை இழை இழையாகப் பிரிக்கத்தான் தனிக் கை வேண்டும். அந்தக் கை உள்ளவருக்கு ஜன்னலோரம் ஒரு மேசை. அதன் பெயரே முடி மேசை. ஏழு வருடமாக ஜுலேகாவை அங்கிருந்து அசைக்க ஆளில்லை.

அந்த வேலைக்கூடத்தில் ஒரு பைத்தியக்காரப் பெருமை இருந்தது. கோடு தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வரும்வரை கண் இமைக்கக் கூடாது. இமைத்தால் கோடு கோணிவிடும் என்று எவனோ சொல்லிவைத்தானாம், எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். ஜுலேகா மணிக்கணக்கில் இமைக்காமல் வெட்டுவாள். மீனுக்கு இமை ஏது? அதனால் அவளுக்கு 'இலிஷ் ஆபா', அதாவது இலிஷ் மீன் அக்கா, என்று பெயர் வைத்தார்கள். இலிஷ் மீனுக்கு மிஞ்சிய மீன் அந்த ஊரில் கிடையாதே, அவளுக்கும் உச்சி குளிர்ந்துபோனது.

இந்த மழைக்காலத்தில்தான் வினை வந்தது. மதியம் ஆனால் கண்ணில் மண் விழுந்ததுபோல் உறுத்தும். ஒரு முடி இரண்டாகத் தெரியும். முடியைச் சுற்றி வெள்ளை விளிம்பு விட்டிருப்பதாக அவள் வெட்டிய மூன்று படங்கள் திரும்பி வந்தன.

"இன்னொண்ணு திரும்பி வந்தா செருப்பு மேசைக்குத்தான் போகணும் ஆபா. என்னால ஒண்ணும் பண்ண முடியாது," என்றார் மேற்பார்வையாளர் மின்ட்டு பாய்.

செருப்பு மேசையா! அன்று ஜுலேகாவுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே கண் டாக்டரைப் பார்க்கப் போனாள்.

"வேலை பாக்கறப்போ கண்ண மூடி மூடித் திறப்பீங்களா?" என்று கேட்டாள் டாக்டரம்மா.

"மூடுறதா? கோடு முடியற வரைக்கும் ஒரு தடவகூட இல்ல!" ஜுலேகாவின் குரலில் அப்படி ஒரு பெருமை.

டாக்டரம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். "கண்ணு நல்லாத்தாம்மா இருக்கு. காஞ்சு கெடக்கு, அவ்வளவுதான். நல்லா இமைங்க. இருபது நிமிஷத்துக்கு ஒருக்கா இருபது அடி தள்ளி எதையாவது இருபது செகண்டு பாருங்க. ஃபேன் காத்து மூஞ்சில அடிக்காம திருப்பி வைங்க. திரையைக் கண்ணுக்குக் கொஞ்சம் கீழ எறக்குங்க."

ஜுலேகா ஃபேனைத் திருப்பினாள். திரைக்கு அண்டைக்கொடுத்திருந்த இரண்டு தடிப் புத்தகங்களை உருவினாள். எதிர்வீட்டு மாடியில் வளர்க்கும் புறாக்களை அவ்வப்போது பார்த்தாள். இமைப்பதை மட்டும் யாரும் பார்க்காதபோது திருட்டுத்தனமாகச் செய்தாள். எடுத்த பெயர் போய்விடக் கூடாதே!

வியாழக்கிழமை காலையிலிருந்து மழை கொட்டியது. கூடத்துச் சமையலறையில் பருப்பும் அரிசியும் குழைந்த கிச்சுரியும் இலிஷ் வறுவலும் மணத்தன. பக்கத்து மேசை ஷம்சு பாய்க்கு வாய் சும்மா இருக்குமா?

"என்ன ஆபா, அந்தப் புறாவுக்கு மாப்பிள்ளை பாக்கறீங்களா? வாங்க, ஒரே படத்த ரெண்டு பேரும் வெட்டுவோம். மொதல்ல இமைச்சவங்க தோத்தாங்க. ஜெயிச்சவங்களுக்கு மீனோட வயித்துத் துண்டு!"

மின்ட்டு பாய் அன்றே அனுப்ப வேண்டிய படத்தைக் கொடுத்தார். சுருட்டைமுடி எட்டுத் திசையும் பறக்கச் சிரிக்கும் ஒரு பெண். கூடமே எழுந்து வந்து சுற்றி நின்றது.

நெற்றிக்கு வந்தபோது ஜுலேகாவுக்கு ஒரு இழை இரண்டானது. குருட்டாம்போக்கில் இழுத்தால் பெயர் தங்கும், மேசை போய்விடும். அவள் மவுஸை நிறுத்தினாள். அத்தனை பேர் முன்னாலும் கண்ணை இறுக மூடினாள், திறந்தாள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

"இலிஷ் செத்துப்போச்சுடோய்!" என்று கூரை பிய்ந்துபோகக் கத்தினார்கள்.

கத்தட்டும். இரண்டாய் இருந்த இழை ஒன்றாகியிருந்தது. எவ்வளவு அழகான முடி! சந்தோஷமாக இமைத்து இமைத்து வெட்டி முடித்தாள்.

மின்ட்டு பாய் இரண்டு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தார். ஷம்சு பாயின் படத்தில் காதோரம் வெள்ளை விளிம்பு விட்டிருந்தது. ஜுலேகாவின் படத்தில் சொல்ல ஒரு குறை இல்லை.

"இதுதான் போகுது. முடி மேசை ஆபாவுக்குத்தான்."

ஆனாலும் பந்தயம் பந்தயம்தானே? வயிற்றுத் துண்டு ஷம்சு பாயின் தட்டில் விழுந்தது. அவர் கண்ணோ மிளகாய்ப்பழமாகச் சிவந்து தண்ணீராக ஊற்றியது. இலிஷில் முள் இருப்பதும் முடி போலத்தான். குனிந்து பார்த்தார். தட்டைத் தூக்கிப் பார்த்தார். கடைசியில் ஜுலேகாவின் பக்கம் தள்ளினார்.

"முள்ளு தெரியல ஆபா. எடுத்துக் குடுங்க."

ஜுலேகா ஒவ்வொரு முள்ளாக உருவித் தட்டோரம் அடுக்கினாள். பிறகு பாதித் துண்டைத் தன் தட்டுக்கு மாற்றிக்கொண்டாள்.

"இது என் கூலி. இப்ப கண்ண மூடுங்க பாய். நான் சொல்ற வரைக்கும் திறக்கக் கூடாது."

ஷம்சு பாய் மூடினார். மீதிப் பாதியும் இடம் மாறியது.