‘மற்றவர்’ என்று அழுத்தினால்

கள்ளக்குறிச்சியில் பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில், ஒரு மாடி வீட்டில் நானும் அம்மாவும் இருக்கிறோம். சென்னையில் இருக்கும் சிறிய நிறுவனம் ஒன்றுக்கு இங்கிருந்தே புரோகிராம் எழுதுகிறேன். நான் பெண்ணாக வாழத் தொடங்கி மூன்று வருடம் ஆகிறது. அலுவலகத்தில் பெயரை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். அம்மா பாதி நாள் ‘டா’ போடுவாள், பாதி நாள் ‘டி’ போடுவாள். நான் இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பேன். புதிதாக வேலைக்குச் சேர்பவர்கள் என் ஊரைக் கேட்டதும், “கூவாகம் பக்கத்துலதானே?” என்பார்கள். பக்கம்தான். அந்தத் திருநங்கையர் திருவிழாவுக்கு ஒருமுறைகூடப் போனதில்லை என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. அதனால் இப்போதெல்லாம் “ஆமாம்” என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு காலையில் எனக்கு ஒரு போன் வந்தது. கல்வராயன் மலை ஊர்களில் வீடு வீடாகப் போய் ரத்தப் பரிசோதனை செய்யும் ஒரு தொண்டு அமைப்புக்கு நாங்கள் ஆப் செய்து கொடுத்திருந்தோம். அங்கே களப்பணி செய்யும் பெண்தான் பேசினாள். மலையிலேயே பிறந்து வளர்ந்தவள்.

“சார், ஆப்பு தானா மூடிக்கிது சார்.”

“எந்த எடத்துல மூடுதுங்க?”

“எல்லாருக்கும் நல்லாதான் ஓடுது சார். ஒரே ஒரு ஆளுக்குதான்...”

சிக்னல் போய்விட்டது. அவள் ‘சார்’ என்றதை நான் திருத்தவில்லை. என் குரல் அப்படி. ஒவ்வொரு போனிலும் திருத்திக்கொண்டிருந்தால் வேலை எப்போது செய்வது? சிக்னல் இல்லாததால் அவள் போனிலிருந்து பிழை விவரம் எதுவும் எங்களுக்கு வந்து சேரவில்லை. என் டீம் லீடரிடம் சொன்னேன். என்னைவிட வயதில் சின்னப் பெண். “நீங்க அங்கதானே இருக்கீங்க? ஒரு எட்டு போய் பாத்துட்டு வந்துடுங்களேன்” என்றாள்.

அடுத்த நாள் லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினேன். டிரைவருக்குப் பின்னால் இருந்த டிவியில் ஒரு பழைய காமெடிக் காட்சி ஓடியது. மீசை வைத்த ஒருவன் புடவை கட்டிக்கொண்டு இடுப்பை ஆட்டி நடந்தான். பஸ்ஸே சிரித்தது. பக்கத்து சீட் அம்மாவும் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்துவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டார். சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. சின்ன வயதில் இதே மாதிரிக் காட்சிகளை நான் டிவிக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து பார்ப்பேன். வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், கண்ணை மட்டும் புடவையிலிருந்து எடுக்கமாட்டேன். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் டிவி விட்டு விட்டு ஓடியது. எனக்குத் தூக்கம் வந்தது.

வெள்ளிமலையில் அந்தப் பெண் எனக்காகக் காத்திருந்தாள். நான் எதிரே போய் நின்ற பிறகும், என்னைத் தாண்டி வேறு யாரையோ தேடினாள்.

“போன்ல பேசனது நாந்தாங்க” என்றேன்.

ஒரு கணம் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “நீங்கதானாக்கா? வாங்க, வெயில் ஏறிடப் போவுது” என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். அவ்வளவுதான். வருடக்கணக்கில் பழகியவர்களுக்கு வராதது அவளுக்கு இரண்டு நொடியில் வந்துவிட்டது.

அரை மணி நேரம் நடந்தோம். மரவள்ளி வெட்டு நடந்துகொண்டிருந்தது. ஒரு ஓட்டு வீட்டு வாசலில் கிழங்குக் குவியலுக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். புடவைக்கு மேல் பழைய ஆண் சட்டை போட்டிருந்தார். காட்டு வேலைக்குப் போகும் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் போடுவார்கள். தாடையில் நரைத்த முடி குத்திட்டு நின்றது. அவரைப் பார்த்ததுமே அந்த ‘ஒரே ஒரு ஆள்’ யார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

களப்பணிப் பெண் போனை எடுத்துக் காட்டினாள். பாலினம் என்ற இடத்தில் ‘மற்றவர்’ என்று அழுத்தி, ரத்த அளவைப் போட்டு, ‘சேமி’ பட்டனை அழுத்தினாள். ஆப் மூடிக்கொண்டது.

“பாத்தீங்களாக்கா? ஆம்பளன்னு போட்டா போவுது, பொம்பளன்னு போட்டாலும் போவுது.”

அங்கேயே கீழே உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். கால் மணி நேரத்தில் பிழை அகப்பட்டது. ரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்க ஆணுக்கு ஓர் அளவு, பெண்ணுக்கு ஓர் அளவு. திரையில் ‘மற்றவர்’ என்பதைப் பிற்பாடு யாரோ சேர்த்திருக்கிறார்கள். அளவு பார்க்கும் இடத்தில் சேர்க்கவில்லை. அந்த இடத்துக்கு மேலே ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு: ஆண், பெண் தவிர வேறு மதிப்பு வராது. எழுதியது யார் என்று பார்த்தேன். என் பழைய பெயர் இருந்தது.

அதை எழுதிய நாட்களில் நான் சென்னையில் ஒரு ஆண்கள் விடுதியில் இருந்தேன். பெட்டிக்கு அடியில் ஒரு சுடிதார் மடித்து வைத்திருந்தேன். வேறு மதிப்பு வரும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த அலுவலகத்தில் யாரும் இல்லை. தெரிந்தேதான் எழுதியிருக்கிறேன். அப்போது என்ன நினைத்தேன் என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. சீக்கிரம் முடித்துவிட்டு எழுந்து போனால் போதும் என்று நினைத்திருப்பேன்.

“இன்னாம்மா, கண்டுபுட்சியா?” என்று அவர் கேட்டார்.

“கண்டுபிடிச்சிட்டங்க.”

“யாரு பண்ண தப்பு?”

“நாந்தாங்க.”

“நீயேவா!” என்று தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

“சரி, எனக்கு ரத்தம் கம்மியா இல்லியா? அதச் சொல்லு.”

அவருடைய அளவு பெண் கணக்கில் போதும், ஆண் கணக்கில் குறைவு. எதை எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. டாக்டர்தான் சொல்லணும் என்றேன்.

“களைப்பாதான் கீது. அத எதுல போடுவ?”

அதற்கு ஆப்பில் இடம் இல்லை. களப்பணிப் பெண் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அவர் எங்களுக்கு வேகவைத்த கிழங்கு கொடுத்தார். போனில் சீரியல் பார்ப்பாராம். வெள்ளிமலைக்குப் போகும்போதெல்லாம் ஒரு கடையில் ஏற்றிக்கொண்டு வருவாராம். “நம்மள மாதிரி ஆளு வந்தா நிறுத்திடுவன். அழ வெச்சிப்புடுவானுங்க, இல்லாட்டி கிண்டல் பண்ணுவானுங்க. மாமியா மருமவ சண்டன்னா வுடிய வுடியப் பாத்துக்கினே இருப்பன்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஒன்ன வூட்ல சேத்துக்கினாங்களா?” என்று கேட்டார்.

“அம்மாகூடத்தாங்க இருக்கேன்.”

“பெரிய விசயம்” என்றார். அவர் வீட்டு வாசலில் ஒரு ஜோடி செருப்புதான் கிடந்தது. நான் திருப்பிக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பிழையைச் சரிசெய்தேன். ‘மற்றவர்’ என்று வந்தால் ஆப் தானாக முடிவு சொல்லாது, டாக்டர் பார்க்கட்டும் என்று மேலே அனுப்பிவிடும். டீம் லீடர், “ஒரே ஒரு பதிவுக்காகவா? அடுத்த மாசம் சேத்து வெளியிடலாமே” என்றாள். நீளமாக ஒரு பதில் எழுதினேன். அதில் என் கதையெல்லாம் இருந்தது. அனுப்பாமல் அழித்தேன். ‘நாலு வரி மாற்றம்தான், அதை எழுதியதும் நான்தான்’ என்று மட்டும் அனுப்பினேன். அந்த வாரமே வெளியிட்டுவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து மலையிலிருந்து போன் வந்தது.

“அக்கா, பதிவு போயிடிச்சிக்கா. டாக்டரும் பாத்துட்டாரு. கீழ வந்து இன்னொரு டெஸ்ட்டு எடுக்கச் சொல்றாரு.”

“அவங்க வராங்களா?”

“வெட்டு முடியட்டுங்கறாங்க. நானும் சொல்லிக்கினுதான் இருக்கன். நீங்க வந்து கூப்ட்டா வருவாங்களோ இன்னாவோ.”

வருகிறேன் என்று சொன்னேன். எந்த நாள் என்று சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு அடுத்த வேலையைத் திறந்தேன். ஒரு பட்டனின் நீலம் போதவில்லை, இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.