தேயிலை வாசம் பிடிக்காத குதிரை

குதிரையின் முதுகைப் பற்றி என்னிடம் வாதாட வருகிறவர்களை நான் சீக்கிரமே வாயடைக்க வைத்துவிடுவேன். திமிர் பிடித்தவள் என்று குன்னூரில் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். கால்நடை மருத்துவம் படித்துவிட்டு இந்த மலைக்கு வந்து பாதி ஆயுசு போய்விட்டது. பந்தயக் குதிரை, ஏரிக்கரையில் சுற்றுலாக்காரர்களைச் சுமக்கிற மட்டக்குதிரை, தடை தாண்டுகிற குதிரை என்று என் விரல் படாத முதுகு இங்கே குறைவு.

அப்படியிருக்க, ஒரு நாள் காலையில் போன் வந்தது. கோத்தகிரி போகிற வழியில் தேயிலை ஃபேக்டரி நடத்துகிற அம்மாள் பேசினார். அவரை எனக்கு முன்பின் பழக்கமில்லை.

"ஏனுங்க டாக்டர், நம்ம குதிரைக்கு ஒரு ஊசி போடோணும். வர முடியுமுங்களா?"

"என்ன ஊசிங்க?"

"தூங்க வெக்கற ஊசிங்க. மறுக்கா எந்திரிக்காத மாதிரி."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "கொல்றதுக்குன்னு நான் கெளம்பி வரமாட்டேனுங்க. குதிரையப் பாக்கறதுக்கு வாறேன். பாத்துட்டுச் சொல்றேன்" என்று போனை வைத்தேன்.

போய்ப் பார்த்தால் அந்த அம்மாள் கையைத் துணித் தூளியில் கட்டிக் கழுத்திலிருந்து தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிறார். என் வயதுதான் இருக்கும். காப்பிநிற ஃபேக்டரி கோட்டு, கண்ணுக்குக் கீழே கருவளையம். குதிரை நல்ல செம்பழுப்புப் பெண் குதிரை. குட்டியாக வாங்கி, அவரே ஏறிப் பழக்கி, பெங்களூர் வரை போய்த் தடை தாண்டும் போட்டிகளில் ஜெயித்திருக்கிறார். போன மழைக்காலத்திலிருந்துதான் வினை ஆரம்பித்திருக்கிறது. முதலில் தாண்டமாட்டேன் என்று நின்றது. பிறகு முதுகை வில்லாக வளைத்துத் துள்ளியது. கடைசியில் அவரைத் தூக்கி எறிந்து தோள்பட்டை எலும்பை உடைத்துவிட்டது.

வைத்தியத்துக்குக் குறைவில்லை. ஒருவர் எக்ஸ்ரே எடுத்து, முதுகெலும்பின் மேல்நுனிகள் ஒன்றோடொன்று உரசுகின்றன என்று காட்டி, அந்த இடுக்குகளில் மருந்தை ஏற்றி, ஓய்வு கொடுக்கச் சொல்லியிருக்கிறார். குணமாயிற்று. ஏறி உட்கார்ந்ததும் பழையபடி வலி. இன்னொருவர் வந்து அதிர்வலை மெஷின் வைத்தார், மறுபடி ஓய்வு. மறுபடி குணம், மறுபடி வலி. கடைசியாக வந்தவர், எலும்பு நுனியை வெட்டி எடுக்கிற ஆபரேஷன்தான் வழி, அதற்கும் உத்தரவாதம் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"வித்தா, வாங்கறவங்க கழுத்து ஒடையும். சும்மா கட்டி வெச்சா வலியோட நிக்கும்" என்றார் அந்த அம்மாள். குதிரையைப் பார்த்தபடியே, "அதுமட்டுமில்லீங்க. என்னயக் கண்டாலே அதுக்கு ஆகறதில்ல. நான் வளத்த குதிரைங்க. நான் வந்தா மூலைக்குப் போயி நிக்குது" என்றார். அப்போது குரல் உடைந்துவிட்டது. தோள் உடைந்ததை அவர் இவ்வளவு வருத்தத்தோடு சொல்லவில்லை.

நான் முதுகில் கை வைத்தேன். மெதுவாக, இரண்டு விரலால், தோளுக்குப் பின்னாலிருந்து இடுப்பு வரைக்கும். வலப்பக்கம் அழுத்தினேன், குதிரை வைக்கோலை மென்றுகொண்டே இருந்தது. இடப்பக்கம் அதே இடத்தில் தொட்டேன், வயிறு தரையைத் தொடுகிற மாதிரி அமிழ்ந்தது. மறுபடி வலப்பக்கம். ஒன்றுமில்லை. மறுபடி இடப்பக்கம். அமிழ்ந்தது.

எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. எக்ஸ்ரேயில் தெரிகிற கோளாறு முதுகின் நடுவில் இருக்கிறது. வலி ஏன் ஒரு பக்கம் மட்டும் இருக்க வேண்டும்? அந்த மாதிரி உரசுகிற எலும்பை வைத்துக்கொண்டு வலியே இல்லாமல் ஓடுகிற குதிரைகளை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். படத்துக்கு வைத்தியம் பார்க்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. அடுத்தது, ஒவ்வொரு வைத்தியமும் கேட்டிருக்கிறது. எல்லாவற்றிலும் பொதுவாக இருந்தது ஓய்வு. ஓய்வு என்றால் என்ன? முதுகில் சேணம் ஏறாது, அவ்வளவுதான்.

"சேணத்தக் கொண்டு வாங்க" என்றேன்.

குதிரையைப் பார்த்துக்கொள்பவர் இலங்கைத் தோட்டத்திலிருந்து சின்ன வயதில் பெற்றோருடன் வந்தவர், நரைத்த மீசைக்காரர். லாயத்துக்குப் பக்கத்திலேயே சாமான் அறை இருக்கிறது. அவர் அங்கே போகாமல் விறுவிறுவென்று ஃபேக்டரிப் பக்கம் நடந்தார். திரும்பி வந்தபோது சேணம் கையில். வாங்கினேன், கதகதவென்று சூடு.

"என்னங்க இது, இப்பத்தான் அடுப்பிலருந்து எறக்குனீங்களா?"

"டிரையர் ரூம்புல தானுங்க டாக்டரம்மா வைக்கிறது. இந்தப் பனியில, மழையில வெளிய வச்சா ரெண்டு நாள்ல பூஞ்சக்காளான் பூத்திரும்" என்றார் மீசைக்காரர்.

மழைக்காலத்தில் இந்த மலையில் எது ஈரமானாலும் தேயிலை ஃபேக்டரியில் இலையை உலர்த்துகிற டிரையர் அடுப்புக்குப் பக்கத்தில்தான் போகும். பிள்ளைகளின் பள்ளிக்கூட ஷூ, துவைத்த கம்பளி, கல்யாணப் பட்டுப்புடவை எல்லாம். இவர்கள் சேணத்தையும் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். அங்கே சுவரில் ஒரே கொக்கி, எப்போது மாட்டினாலும் சேணத்தின் ஒரே பக்கம்தான் நெருப்பைப் பார்த்து இருக்கும். சேணத்தைத் திருப்பி அடிமெத்தையில் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். வலப்பக்கம் இட்லி மாதிரி அமுங்கியது. இடப்பக்கம் முந்தாநாள் ரொட்டி. உள்ளே அடைத்த கம்பளி, நனைந்து நனைந்து சூட்டில் காய்ந்து கட்டியாகிக் கிடந்தது. இதை வைத்து அதன்மேல் ஆளும் ஏறி உட்கார்ந்தால் நானே தூக்கி எறிவேன்.

அந்த அம்மாளின் கையைப் பிடித்து அழுத்திப் பார்க்கச் சொன்னேன். முதலில் வலப்பக்கம், பிறகு இடப்பக்கம். அவர் முகம் வெளுத்தது. மீசைக்காரர் தன் தலையில்தான் பழி விழப்போகிறது என்று கைகட்டி நின்றார்.

"அவரப் பாக்காதீங்க டாக்டர். வெலை ஒசந்த சேணம், கெட்டுப்போகக் கூடாதுன்னு அங்க வெக்கச் சொன்னது நான்தானுங்க" என்றார் அந்த அம்மாள்.

அதற்குள் குதிரை மூலைக்குப் போயிருந்தது. சேணத்தை இன்னும் அதன் பக்கத்தில்கூடக் கொண்டுபோகவில்லை. காதைப் பின்னால் ஒட்டவைத்துக்கொண்டு மூக்கை விடைத்தது. நானும் சேணத்தில் மூக்கை வைத்தேன். புதுத் தேயிலைத்தூள் வாசம், ஆளைத் தூக்கியது. அடடே என்று அந்த அம்மாள் பக்கம் திரும்பினேன்.

"கொஞ்சம் கிட்ட வாங்க."

அவர் கோட்டின் தோள்பட்டையை முகர்ந்தேன். அதே வாசம்.

"உங்க மேல அதுக்கு ஒரு கோபமும் இல்லீங்க. இந்த வாசம் வந்தா முதுகு வலிக்குமுன்னு தெரிஞ்சு வெச்சிருக்குது. நீங்க ஃபேக்டரியிலிருந்து நேரா வாறீங்க. அது சேணம் வருதுன்னு பயப்படுது."

அவர் நம்பவில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். எனக்கு ஆறுதல் சொல்லி எல்லாம் பழக்கமே இல்லை என்பது அவருக்குத் தெரியாது.

சிகிச்சையை அன்றே முடிவு செய்தேன். ஆபரேஷன் வேண்டாம். கொஞ்ச நாளைக்கு வலி மருந்து, அதற்குமேல் மருந்தும் வேண்டாம். அந்தச் சேணம் இனி குதிரை மேல் ஏறக்கூடாது. முதுகில் ஆளில்லாமல், தேயிலைக்கு நடுவே போகிற மேட்டுப் பாதையில் தினமும் கையில் பிடித்து நடக்கவைக்க வேண்டும். மேடு ஏறினால் முதுகுத் தசை தானாகத் திரும்பும், இந்த மலையைவிட நல்ல மெஷின் எங்கே இருக்கிறது? தரையில் கழிகளைப் போட்டுக் காலைத் தூக்கித் தாண்டவைக்க வேண்டும். ஊட்டி கேரட்டை விலாவுக்குப் பக்கத்தில் ஒரு தடவை, முன்னங்கால்களுக்கு நடுவில் ஒரு தடவை காட்டி, கழுத்தையும் முதுகையும் வளைத்து வாங்கித் தின்ன வைக்க வேண்டும்.

"நீங்க லாயத்துக்கு வரணுமின்னா குளிச்சு, துணி மாத்திட்டு வாங்க" என்றேன்.

"இந்தக் குளிர்லயுங்களா?"

"கொல்றதுக்கு ஊசி கேட்டீங்களே, அதுக்கு இது தேவலைங்க."

மலைக் குளிரில் நடுங்கிக்கொண்டே தினமும் குளித்தார், பாவம். நான் போகும்போதெல்லாம் ஈரத்தலையோடு துண்டைச் சுற்றிக்கொண்டு கேரட்டும் கையுமாக நிற்பார். குதிரை அவர் கையில் வாங்கித் தின்றது. "கேரட்டுக்காக வருதுங்க, எனக்காக இல்ல" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். மனசுக்குள் அந்த முள் இருந்துகொண்டே இருந்தது. நானும் சலித்துப்போய்ப் பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

பனிக்காலம் முடிவதற்குள் முதுகு நிறைந்துவிட்டது. இடப்பக்கம் அழுத்தினால் குதிரை திரும்பி என்னை ஒரு பார்வை பார்க்கும், அவ்வளவுதான். சேணம் தைக்கிற ஆளை வரவழைத்துக் குதிரையின் முதுகை அளவெடுத்துப் புதுச் சேணம் செய்தோம். அது வீட்டுக்குள்தான் இருக்கும், டிரையர் பக்கம் தலைவைக்காது. அவர் தோளும் கூடியது. ஏறி உட்கார்ந்தார், நடத்தினார், ஓட்டினார், முழங்கால் உயரத் தடையைத் தாண்டவும் வைத்தார். குதிரை வலியில்லாமல் முதுகை வளைத்துத் தாண்டியது. ஆபரேஷன் சொன்னவருக்கு வீடியோ அனுப்பச் சொன்னேன். எனக்கு அந்த அளவுக்கு அற்பப் புத்தி உண்டு.

கடைசியாக நான் பார்க்கப் போன அன்று ஃபேக்டரியில் ஏதோ பெல்ட் அறுந்து, அந்த அம்மாள் காலையிலிருந்து அங்கேயே கிடந்திருக்கிறார். நான் கிளம்பிவிடுவேனோ என்று அப்படியே ஓடி வந்தார். கோட்டு, முடி, புருவம் எல்லாம் தேயிலைத்தூள். லாயத்து வாசல் வரை வந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. சட்டென்று நின்றார். திரும்பிப் போகக் காலை எடுத்தார்.

அதற்குள் குதிரை பார்த்துவிட்டது. மூக்கை விடைத்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன், பொய் சொல்வானேன். காதுகள் முன்னால் வந்தன. மூலைக்குப் போகவில்லை. கதவுக்கு வெளியே கழுத்தை நீட்டி, அவர் தோளிலிருந்து தலைமுடி வரை மோந்து பார்த்து, தூள் ஏறி ஒரு தும்மல் போட்டு, தாடையை அவர் தோள்மேல் வைத்துக்கொண்டது. கையில் கேரட்டும் இல்லை.

அந்த அம்மாள் அசையவில்லை. கண்ணீர் தேயிலைத்தூளில் கோடு போட்டு இறங்கியது.

"டாக்டர், நான் இன்னும் குளிக்கவே இல்லீங்க" என்றார்.

"அது அதுக்கும் தெரியுமுங்க. பேசாம நில்லுங்க" என்றேன்.