டெல்லிக் கல்லில் ஊற்றிய கட்டஞ்சாயா

குமரி மாவட்டம் புதுக்கடை ஊரில் இருக்கும் என் கிரானைட் கடைக்கு இன்று ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். வீட்டின் முன்சுவரில் பதிக்கக் கல் வேண்டுமாம்.

கணவர் போன மாதம்தான் டெல்லி சுற்றிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். ராஜஸ்தான் சிவப்பு மணற்கல்லைக் கண்டதும் தடவிக்கொண்டே நின்றுவிட்டார்.

“ஜனாதிபதி மாளிகையில இந்தக் கல்லுதான் மக்களே. நமக்கும் இதுதான் வேணும்” என்றார் என்னிடம்.

மனைவிக்கோ பாலிஷ் போட்ட கருங்கல்தான் வேண்டும். “நீ சொல்லு மக்களே, எது நல்லது?” என்று என்னைக் கேட்டார்.

நான் எதைச் சொன்னாலும் ஒருவருக்குக் கோபம் வரும். அதனால் இருவருக்கும் பால் விடாத கட்டஞ்சாயா வரவழைத்தேன்.

அந்த அம்மா ஒரு வாய் குடித்தார். மீதியை இரண்டு கல்லிலும் ஊற்றிவிட்டார்!

கொஞ்ச நேரம் கழித்துத் துணியால் துடைத்தேன். கருங்கல் பளிச்சென்று இருந்தது. மணற்கல்லில் சாயா இறங்கிக் கறை பிடித்திருந்தது.

“டெல்லியில எவனாவது செவருல சாயா ஊத்துவானா?” என்று கணவர் குதித்தார்.

“வெத்தல போட்டுச் செவருல துப்புறதுக்கு டெல்லியில உங்க தம்பி இல்லல்லா!” என்றார் மனைவி.

கணவரே சிரித்துவிட்டார். முன்சுவருக்குக் கருங்கல் என்று முடிவானது. ஆனாலும் அவர் முகம் வாடியதைப் பார்த்து, “பேர்ப்பலகைக்கு ஒரு செவப்புக் கல்லு எடுத்துக்கிடுங்க” என்றார் அந்த அம்மா.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “அதுல யாரு பேரு போடணும்?” என்று கேட்டுவிட்டேன்.

“என் பேரு” என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில்.

சண்டை இன்னும் முடியவில்லை. உங்கள் வீட்டுப் பலகையில் யார் பெயர்? சீக்கிரம் சொல்லுங்கள், நான் கடையை அடைக்க வேண்டும்.