சகுந்தலா மாமி காப்பியை விட்டது

சகுந்தலா மாமி காலைக் காப்பியை விட்டுவிட்டார் என்று என் மனைவி ராஜலக்ஷ்மி சொன்னபோது, டாக்டர் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. பூங்காவுக்காக விட்டாராம். தஞ்சாவூர்க்காரர் ஒருவர் பூங்காவுக்காகக் காப்பியை விடுவார் என்பது என் புத்திக்கு எட்டவில்லை. விளக்கிச் சொல்ல ராஜலக்ஷ்மிக்குக் கூச்சம். கடைசியில் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். காப்பி குடித்தால் கொஞ்ச நேரத்தில் பாத்ரூம் போக வேண்டும். பூங்காவில் போவதற்கு இடம் இல்லை. மாமி வீடோ ரயில் லைனுக்கு அந்தப் பக்கம், மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது.

மாமி வங்காளத்துக்கு, எங்கள் டாக்குரியாப் பேட்டைக்கு வந்தது கல்யாணமான புதிதில். விஸ்வநாதன் மாமாவுக்கு பேங்கில் மாற்றல். இரண்டு மூன்று வருஷத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் அழைத்து வந்தார். இப்போது அவரும் இல்லை. பிள்ளை ஹரிஷங்கர் நியூ டவுனில் இருபதாவது மாடியிலோ அதற்கும் மேலேயோ இருக்கிறான். அம்மாவைக் கூட வந்து இருக்கச் சொல்லிக் கெஞ்சுகிறான். மாமி ஒரு முறை போய், ஒரு வாரத்தில் திரும்பி வந்துவிட்டார். அங்கே லிஃப்டில் ஏறினால் எல்லோரும் போனைப் பார்க்கிறார்கள், யாரும் யாரையும் பார்ப்பதில்லை என்றார்.

மாமியைப் பார்க்கிற மனிதர்கள் பூங்காவில் இருந்தார்கள். காலையில் இரண்டு சுற்று நடந்துவிட்டு, கடம்ப மரத்தடியில் உட்கார்ந்து பேசும் வங்காளிப் பெண்கள். நடை ஒரு சாக்குதான். மருமகள், மூட்டுவலி, பேரன் மார்க்கு, மீன் விலை என்று எட்டு மணி வரை போகும். மீனைத் தொட்டே பார்க்காத மாமிக்கு இலிஷ் மீன் கிலோ என்ன விலை என்பது அத்துப்படி. அவர்களுக்கு அவர் ‘ஷகுந்தலாதி’, அதாவது சகுந்தலா அக்கா. மாமா போனபின், அந்த வீட்டு மணியை அடித்து உள்ளே வந்து உட்கார்ந்தவர்கள் அவர்கள்தான்.

ஆனால் வாய் வறண்டு வந்தும் மாமியால் ஏழு மணியைத் தாண்ட முடியவில்லை. எலுமிச்சை டீக்காரர் வரும்போது எழுந்துவிடுவார். யாருடைய மருமகளோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்த இடத்தில், கதையை அப்படியே விட்டுவிட்டு ரயில்வே கேட்டை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போவார். இந்தப் பேட்டையில் எல்லாக் கதையிலும் அவர் பாதிதான் கேட்டிருக்கிறார். போன குளிர்காலத்தில் அதுவும் முடியாமல் போனது. இனி நியூ டவுனுக்கே போய்விடலாமா என்று ராஜலக்ஷ்மியிடம் கேட்டார். கேட்கும்போது அழுதாராம்.

அந்தச் சமயத்தில்தான் பூங்காவுக்கு நல்ல காலம் பிறந்தது. நடைபாதையும் கம்பி வேலியும் கார்ப்பரேஷன் செலவு, மற்ற அலங்காரங்களைக் குடியிருப்போரே செய்துகொள்ளலாம் என்று உத்தரவு வந்தது. உடனே ஒரு கமிட்டி. தலைவர் பிமலேந்து பாபு, ஓய்வுபெற்ற பேராசிரியர். பூங்கா கேட்டுக்கு நேர் எதிரே வீடு. பொருளாளர் நான். தமிழர்கள் பொதுப்பணத்தில் கை வைக்க மாட்டார்கள் என்று வங்காளிகளுக்கு ஒரு நம்பிக்கை. அதைக் கெடுப்பானேன் என்று ஒத்துக்கொண்டேன்.

பணம் வந்தது, குறையொன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொரு பணத்துக்கும் பின்னால் ஒரு பளிங்குக்கல்லும் வந்தது. அப்பா நினைவாக ஒரு பெஞ்ச். மாமனார் நினைவாக இன்னொரு பெஞ்ச். சித்தப்பா நினைவாக ஒரு சிமென்ட் மான். சித்தப்பாவுக்கும் மானுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை, ரசீது கொடுத்தேன். பிமலேந்து பாபு தன் தாயார் ஹேமநளினி தேவி நினைவாக, நடுவில் கலர் லைட் போட்ட நீரூற்று வைப்பதாக அறிவித்தார். கல்லில் பெயரைக்கூடப் பொறித்து வாங்கி வந்துவிட்டார்.

மாமி கூட்டத்துக்கு வந்து, பெண்களுக்கு ஒரு கழிப்பறை வேண்டும் என்று நல்ல வங்காளத்தில் கேட்டார். மிகவும் அவசியம் என்றார்கள் எல்லோரும். எங்கள் கமிட்டியில் ஒரு விஷயத்தை எல்லோரும் அவசியம் என்று சொல்லிவிட்டால் அது நடக்காது என்று அர்த்தம். யார் கொடுப்பது என்று கேட்டபோது ஒருவர் டீ இன்னும் வரவில்லையே என்றார். தாயார் தகப்பனார் பெயரைப் போய் அதில் எப்படிப் போடுவது என்று பிமலேந்து பாபு வருத்தத்தோடு சொல்லி முடித்துவைத்தார். ஆண்களுக்கு இந்தக் கஷ்டம் கிடையாது. பூங்காவின் பின்சுவர் முழுவதும் எங்களுடையதுதான்.

மறுநாள் காலை மாமி வழக்கம்போல் வீட்டைப் பார்த்து ஓடவில்லை. தெருவைக் கடந்து பிமலேந்து பாபு வீட்டு மணியை அடித்து, பாத்ரூம் போக வேண்டும் என்றார். பாபுவின் மனைவி, எங்களுக்கெல்லாம் அண்ணி முறையில் ஷிப்ரா பௌதி, உள்ளே அழைத்துப் போனார். வெளியே வந்ததும் டீயும் பிஸ்கட்டும் வைத்தார். காலை வேளையில் வீட்டுக்கு வந்த பெண்மணியை வெறும் வாயோடு அனுப்புகிற வழக்கம் இங்கே கிடையாது. மாமியும் மரியாதைக்குக் குடித்தார். குடித்ததன் பலனாக, பூங்காவில் இன்னொரு சுற்று முடிவதற்குள் மறுபடி போகவேண்டி வந்தது. இந்தத் தடவை மான் கொடுத்தவர் வீடு. அங்கேயும் டீ கொடுத்தார்கள்.

அந்த வாரம் பூங்காவைச் சுற்றியிருந்த நன்கொடையாளர் வீடு ஒன்றையும் மாமி விடவில்லை. இது என்ன போராட்டமா என்று கேட்கப் போனேன். ஒரு பெஞ்சில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

“போராட்டமும் இல்லை, ஒண்ணும் இல்லை நடராஜன். பூஜைக்கு சந்தா, பூஜைக்கு சந்தான்னு இத்தனை வருஷமா என் வீட்டு மணியை அடிக்கறா. ஒரு தடவையாவது கதவைத் திறக்காம இருந்திருக்கேனா? நான் பணமா கேக்கறேன்?”

வருஷா வருஷம் அந்தச் சந்தா வசூலுக்குக் கூடப் போகிறவன் நான்.

பிறகு கடம்ப மரத்தடிப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். அவர்களுக்கும் தேவை இருந்தது, இத்தனை காலம் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். காலையில் பிமலேந்து பாபு வீட்டு மாடிப்படியில் வரிசை நின்றது. பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தன் வீட்டுப் பாத்ரூமுக்குத் தானே வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது என்று அவர் என்னிடம் புகார் செய்தார். பொருளாளர் இதில் என்ன செய்ய முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக் கூடத்தில் கமிட்டி கூடியது. மாமியும் வந்து ஓர் ஓரமாக உட்கார்ந்தார். நீரூற்று வேலையை உடனே தொடங்கிவிட வேண்டும் என்றார் பாபு. அம்மாவுக்கு அந்தப் பூங்கா என்றால் உயிர், பாவம், முட்டிவலி வந்து கடைசி வருஷங்களில் போக முடியாமல் போய்விட்டது என்றார். அப்போது டீத் தட்டோடு வந்த ஷிப்ரா பௌதி தட்டை மேஜைமேல் வைத்தார். யாரையும் பார்க்காமல் வங்காளத்தில் அவர் சொன்னது இது:

“அம்மாவுக்கு முட்டிவலி கிடையாது. ஒருநாள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதே புடவை நனைந்துவிட்டது. என் சால்வையைச் சுற்றி வீட்டுக்குக் கூட்டிவந்தேன். உங்களிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். அதற்கப்புறம் சாகிறவரைக்கும் மாடி ஜன்னலில் உட்கார்ந்துதான் பூங்காவைப் பார்த்தார். இப்போது அவர் பெயரில் தண்ணீர் பீய்ச்சி அடிக்கப் போகிறீர்கள்.”

யாரும் டீயை எடுக்கவில்லை. பிமலேந்து பாபு அண்ணாந்து மாடிப்பக்கம் பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டார். அவர் திரும்பி வரவில்லை என்பதால் தீர்மானம் எதுவும் போடாமல் கலைந்தோம். வெளியே வந்ததும் மாமி, நாளையிலிருந்து இந்த வீட்டு மணியை அடிக்க மாட்டேன் என்று என்னிடம் சொன்னார்.

மறுநாள் நீரூற்றுப் பணம் கழிப்பறைக்கு என்று பாபுவிடமிருந்து தகவல் வந்தது. ஒரே நிபந்தனை, அம்மா பெயர் அதில் வரக்கூடாது. பற்றாக்குறைக்கு மற்றவர்களும் கொடுத்தார்கள். எல்லோருக்கும் அதே நிபந்தனைதான். தினமும் சுத்தம் செய்ய ஓர் அம்மாளை வைப்பது, அவருக்குச் சம்பளம் நடப்பவர்கள் போடுவது என்றும் முடிவாயிற்று. பெயர் பொறித்த பளிங்குக்கல் இன்றைக்கும் பாபு வீட்டு மாடிப்படிக்கு அடியில் சுவரைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது.

கட்டடம் எழும்பியதும் வேறொரு பிரச்சினை. எங்கள் பக்கத்தில் பெயரில்லாத சுவர் என்றால் விடிவதற்குள் ஏதாவது ஒரு கட்சி எழுதிவிடும். யார் பெயரைப் போடுவது என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, மாமி தன் பெயரைப் போடச் சொன்னார். உயிரோடிருக்கிறவர் பெயரை எழுதி எங்களுக்குப் பழக்கமில்லை. ஆனாலும் வேறு வழியில்லை.

ஹரிஷங்கர் போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டுத்தான் மாமி பேசுவார் என்பதால் நாங்களும் கேட்டோம்.

“பாத்ரூம் மேல போய் உன் பேராம்மா? ஆபீஸ்ல பெங்காலி ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் இருக்கா. போட்டோ வாட்ஸாப்ல சுத்தும். எனக்கு எம்பாரஸிங்கா இருக்காதா?”

“வீடு உங்கப்பா பேர்ல. கேஸ் கனெக்‌ஷன் உங்கப்பா பேர்ல. கரண்ட் பில்லு இன்னும் அவர் பேர்லதான் வரது. என் பேரை இந்த ஊர்ல யாரும் எங்கயும் எழுதினதில்லைடா. இதுலயாவது இருந்துட்டுப் போகட்டும்.”

திறப்பு விழா என்றைக்கு என்று கேட்டான் ஹரிஷங்கர்.

பங்குனி வெயில் ஏறுவதற்கு முன் விழா. கவுன்சிலர் வந்து ரிப்பன் வெட்டி, சுருக்கமாக நீண்ட நேரம் பேசிவிட்டு அடுத்த விழாவுக்குப் போனார். மாமி பெரிய பிளாஸ்க் நிறையக் காப்பி போட்டு வந்திருந்தார். எல்லோருக்கும் கொடுத்தது போக, தானும் ஒரு டம்ளர் குடித்தார். இரண்டாவது டம்ளரும் குடித்தார். மணி எட்டாகிக்கொண்டிருந்தது. முதலில் மாமிதான் போக வேண்டும் என்று பெண்கள் ஏற்கெனவே தீர்மானித்திருந்ததால், புதுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லோரும் அவரையே பார்த்தார்கள். ஷிப்ரா பௌதி சோப்போடு வாசலில் நின்றார். ஹரிஷங்கர் போட்டோ எடுக்கத் தயாராக இருந்தவன், எதைப் போட்டோ எடுப்பது என்று யோசித்துப் போனைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

“மாமி, எல்லாரும் காத்துண்டிருக்கா” என்றேன்.

“எனக்கு இப்போ வரலையே” என்றார் மாமி. “அங்கதானே இருக்கு, எங்க போயிடப் போறது?”

பிறகு பெஞ்சில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, பக்கத்தில் இருந்த தோழியிடம், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல் வரைக்கும் வந்த மருமகள் அப்புறம் என்ன செய்தாள் என்று கேட்டார்.