உயிரோடு விழ வேண்டும்

ஸபீராவுக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்த பிறகு, வந்தவர் போனவரெல்லாம் ஸுபைருக்கு வைத்தியம் சொன்னார்கள். அதில் புறா ஆணம், புறா இறைச்சிக் குழம்பு, மட்டும் அவன் மண்டையில் ஏறிக்கொண்டது. புறா இறைச்சியின் சூடு செத்த நரம்பையும் எழுப்பும் என்பது அவன் சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. கனடாவில், ஸ்காபரோ ஹலால் கடைகளில் கோழி இருந்தது, காடை இருந்தது. புறா இல்லை.

அவனோடு கூரை வேலை செய்த விநாயகமூர்த்தி, ஸ்ரௌவ்வில் ஊருக்கு அங்காலே ஒரு மாட்டுப் பண்ணையில் சனிக்கிழமைகளில் புறா சுடுகிறவர். மாட்டுத் தீனியில் எச்சம் போடுகிற புறாவைக் குறைத்தால் பண்ணைக்காரனுக்குச் சந்தோசம்.

"லைசன்ஸை எடு. நான் கூட்டிக்கொண்டு போறன்" என்றார். ஸுபைர் வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, துவக்கும் வாங்கிவிட்டான்.

முதல் நாள் மூர்த்தி சுட்ட புறா கல்லுப்போல விழுந்தது. "இந்தா, மனுசிக்குக் கொண்டு போ."

"ஏலாது அண்ணை. செத்து விழுந்தது எங்களுக்குக் கூடாது. உயிரோட விழோணும், நான் பிஸ்மி சொல்லி அறுக்கோணும்."

"அப்ப துவக்கு என்னத்துக்கு? வலையைக் கொண்டு வா!"

ஸுபைர் யோசித்தான். கடையில் இருந்ததிலேயே சின்னச் சன்னக் குண்டுகள் உள்ள தோட்டாவை வாங்கினான். தள்ளி நின்று சுட்டான். கடுகளவு சன்னங்கள் செட்டையிலும் முதுகிலும் ஏற, புறா அடித்துக்கொண்டு இறங்கியது. வெட்டிய சோளக் கட்டைகளுக்குள்ளால் கத்தியோடு ஓடினான்.

"சுட வந்தனியோ, ஓட்டப் போட்டிக்கு வந்தனியோ?" என்று மூர்த்தி முதலில் சிரித்தார். போகப் போகச் சிரிப்பு நின்றது. "உது வேட்டை இல்லையடாப்பா, வதை. சுட்டா அதிலயே சாகோணும்."

ஸுபைர் காதில் வாங்கவில்லை. அவன் போய்ச் சேருமுன் செத்ததுகளை வேலியோரம் எறிந்தான். இலையுதிர் காலம் முடிகிறபோது நன்றாகவே ஓடினான். கிழமை முழுக்கக் கூரையில் நின்று ஆணி அடிக்கிறபோதும் கண் வானத்தில் புறா தேடியது. மனுசிக்காகத் தொடங்கியது, அவனையும் பிடித்துக்கொண்டது.

வீட்டில் தோலுரித்து, விரலால் தடவித் தடவிச் சன்னம் எடுப்பான். அகப்பட்டது கொஞ்சம். மிளகும் இஞ்சியும் தட்டிப் போட்டுக் காய்ச்சி, கரண்டியால் பருக்குவான். ஸபீரா மிச்சம் வைத்ததே இல்லை.

பனிக்காலத்தில் அவளுடைய நல்ல கையிலிருந்தும் கோப்பை நழுவத் தொடங்கியது. குளிர் ஏறிவிட்டது என்று நினைத்து, ஸுபைர் ஆணத்தைக் கூட்டினான். பிறகு வயிற்று வலி, சாப்பிட்டதெல்லாம் சத்தி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள்.

எக்ஸ்ரே படத்தில் அவளுடைய வயிறு முழுக்க வெள்ளைப் புள்ளிகள். தாளிக்கக் கடுகு சிந்தினது மாதிரி. டாக்டர் சொன்னதை மகள் ரிஸ்மியா தமிழில் சொன்னாள்.

"ஈயமாம் வாப்பா. ரத்தத்தில கலந்திட்டுதாம். அதாலதான் மத்தக் கையும்…"

ஸுபைர் கட்டிலடியில் குந்தினான். "உமக்குத் தெரியேல்லையா?"

"ஒரு பக்கம் மரத்துப்போச்சு" என்றாள் ஸபீரா பாதி வாயால். "மத்தப் பக்கம் பல்லில பட்டுது."

"துப்பியிருக்கலாமே!"

"நீங்க ஓடி ஓடிப் பிடிச்சுக் கொண்டுவந்தது."

மருந்து கொடுக்கிறார்கள். கை திரும்பலாம், திரும்பாமலும் போகலாமாம்.

அடுத்த சனிக்கிழமை விடிய மூர்த்தியின் ஹோர்ன் கேட்டது. ஸுபைரின் கால்கள் தாமாகவே எழும்பின. பூட்டிய பெட்டியோடு துவக்கைக் கொண்டுபோய் அவருடைய வான் வண்டியில் வைத்தான். "கடையில குடுத்துவிடுங்கோ அண்ணை."

"நான் அண்டைக்கே…" என்று தொடங்கிய மூர்த்தி, அவன் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

மாடி வீட்டுக்கு மேலே வந்து, உறைபெட்டியில் கிடந்த புறாக்களைக் குப்பைக் குழாயில் போட்டான். அரிசிக் கஞ்சி காய்ச்சி, கரண்டியால் பருக்கினான். ஸபீரா விழுங்காமல், உணர்வு இருக்கிற பக்கத்துக்குக் கஞ்சியை நாக்கால் தள்ளித் துழாவினாள்.

"வெறும் கஞ்சிதான்" என்றான்.

அவள் தலையாட்டினாள். ஆனாலும் துழாவிக்கொண்டே இருந்தாள்.