கொம்புக்கு வைத்த மை

யுத்த காலத்தில் காகிதத் தட்டுப்பாடு வந்து, நான் வேலை பார்த்த பத்திரிகை நின்றுபோனது. மைசூரில் என்னைப் போலவே வேலையிழந்த நிருபர்களில் சிலர் பள்ளிக்கூட வாத்தியார் ஆனார்கள். ஒருவர் ஜவுளிக்கடை வைத்தார். கல்லூரியில் கொஞ்சம் விலங்கியல் படித்திருந்ததால் எனக்குக் கால்நடை ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்தது. நோயுற்ற மாடுகளின் உடம்பிலிருந்து எடுத்த சதைத் துண்டுகளை மெழுகில் பதித்து, மெல்லிய சீவலாக அறுத்து, சாயமேற்றி, கண்ணாடியில் ஒட்டி, டாக்டரின் மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வைப்பதுதான் வேலை.

எங்களுடையது மேல்கோட்டையிலிருந்து வந்த வைஷ்ணவக் குடும்பம். நான் செய்கிற வேலையை உறவினர்களிடம் விவரமாகச் சொல்ல அம்மா ஒருநாளும் துணியவில்லை. "சர்க்கார் உத்யோகம்" என்று சொல்லிப் பேச்சை மாற்றுவாள். மாலையில் கிணற்றடியில் இரண்டு வாளி ஊற்றிக்கொண்ட பிறகுதான் சமையலறைப் பக்கம் போக அனுமதி. எனக்குக் கூச்சம் இருக்கவில்லை. நல்ல சீவல் ஒன்று கத்தியிலிருந்து சுருளாமல் இறங்கி வெந்நீரில் மிதந்து விரியும்போது, அதன் வழியே கீழே இருக்கும் எழுத்தைப் படிக்கலாம். மெட்ராஸில் இதே வேலை பார்த்தவர்கள், உச்சிவேளைக்குள் மெழுகு இளகிவிடுகிறது என்று அலுத்துக்கொள்வார்கள். எங்கள் ஊரின் காலைக் குளிர் மெழுகுக்கு வாய்த்த வரம். எங்கள் சீவல்கள் அவர்களுடையதைவிட மெல்லியவை என்று டாக்டரே சொன்னதுண்டு. அவர் புகழ்வதில் சிக்கனமானவர்.

டாக்டரும் மைசூர்த் தமிழர்தான். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மாட்டின் கட்டிகளைப் பற்றிப் பேசத் தொடங்கினால் காபி ஆறிப்போவதை மறந்துவிடுவார்.

அந்த வருஷத் தசராவில் மாட்டுக் கண்காட்சி வாசலில் ஒரு ஜோடி எருதை நிறுத்திவிட்டார்கள். கொள்ளேகாலுக்கு அப்பால் கௌதள்ளியிலிருந்து வந்த ஆலம்பாடி இனத்து எருதுகள். அந்தப் பக்கம் அப்போது சென்னை மாகாணம். தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசும் குடியானவர்கள் அங்கே இருக்கிறார்கள். இடப்பக்கத்து எருதின் வலது கொம்பு சற்றே சரிந்திருந்தது. கொம்பின் அடியில் எலுமிச்சை அளவு சதை பிதுங்கி நின்றது. வலது மூக்கில் மட்டும் சளி. மாடு தலையைச் சாய்த்தே வைத்திருந்தது. வாசலில் இருந்த அதிகாரி, "முதல்ல ஆஸ்பத்திரி, அப்புறம் கண்காட்சி" என்று எங்களிடம் அனுப்பிவிட்டார்.

வந்தவர்கள் கணவனும் மனைவியும். அவர் நெடுநெடுவென்று உயரம், முறுக்கிய மீசை. அந்த அம்மாள் மாட்டின் கயிற்றைத் தன் கையிலேயே வைத்திருந்தார். இரண்டு எருதுகளையும் கன்றுகளாக வாங்கி வளர்த்தவர் அவர்தான் என்பது பேச்சில் தெரிந்தது.

டாக்டர் கொம்பைத் தட்டிப் பார்த்தார். இடது கொம்பு கணீரென்றது. வலது கொம்பு மண் நிரப்பிய பானைபோல் சத்தமில்லாமல் இருந்தது.

"மருந்து ஏதாவது போட்டீரா இதுக்கு?"

"இல்லீங்க சாமி. ஒண்ணுமே போடலீங்க. சத்தியமா."

"நாட்டு வைத்தியம்? பச்சிலை?"

"தொடவே இல்லீங்களே."

டாக்டர் பிதுங்கிய சதையில் ஒரு துண்டை எடுத்து பார்மலினில் போட்டார். முடிவு தெரியச் சில நாள் ஆகும் என்றார். அவர்கள் ஆஸ்பத்திரி வளாகத்தில் புங்கமரத்தடியில் வண்டியை அவிழ்த்துப் போட்டுத் தங்கினார்கள்.

முடிவு எதைப் பொறுத்தது என்பதை டாக்டர் அவர்களிடம் மறைக்கவில்லை. வெறும் சீழ் என்றால் துளையிட்டு வடித்துவிடலாம், கொம்பு நிற்கும். கொம்புப் புற்று என்றால் கொம்பை அடியோடு எடுக்கவேண்டும், மாடு பிழைக்கும். வேறு ரகப் புற்றாக இருந்து உடம்புக்குள் பரவியிருந்தால், ஒன்றும் செய்வதற்கில்லை.

ஸ்லைடு தயாரானதும் நான்தான் முதலில் எட்டிப் பார்த்தேன். ஊதாவும் ரோஜாவுமாகச் சாயமேறிய உயிரணுக்களின் இடையிடையே கன்னங்கரேலென்று துகள்கள் சிதறிக் கிடந்தன. டாக்டர் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் வாடியிருந்தது.

"கரும்புற்று மாதிரி இருக்கு ஓய். தோலுக்குக் கறுப்பு தர்ற அணுவிலேர்ந்து கிளம்பறது. இது இந்நேரம் நுரையீரலுக்குப் போயிருக்கும். கொம்பை எடுத்து மாட்டை வதைக்கறதுல அர்த்தமில்லை. ஊருக்கு ஓட்டிண்டு போகச் சொல்லும்."

நான் வாசல்வரை போய் நின்றேன். பத்திரிகையில் எனக்குப் பழக்கிவிட்ட ஒரு வழக்கம் உண்டு. ஒருவரைப் பற்றிக் கெட்ட செய்தி அச்சேறுவதற்கு முன்னால் அவரிடம் இன்னொரு முறை பேச வேண்டும். முதலில் கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்கக் கூடாது. டாக்டரிடம் சொன்னேன். "போம், கேட்டுண்டு வாரும்" என்றார்.

மரத்தடியில் அந்த அம்மாள் எருதுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தார். நான் மருந்தைப் பற்றிக் கேட்கவில்லை. காலையில் எழுந்தால் மாட்டுக்கு என்னென்ன செய்வீர்கள், ஒன்றுவிடாமல் சொல்லுங்கள் என்றேன்.

"சாணி வழிப்பனுங்க. தண்ணி காட்டுவன். உடம்பு தேய்ப்பன். கொம்புக்கு மை வெப்பன். அப்புறம் தீனி."

"என்ன மை?"

"விளக்குக் கரியை விளக்கெண்ணெயில கொழைச்சு வெக்கறதுதானுங்க. கண்காட்சிக்கு வர்ற மாடு, கொம்பு பளபளன்னு இருக்கோணுமில்லீங்க?"

"அந்தக் கட்டி மேலேயும் வைத்தீர்களா?"

"அதும் மேலதானுங்க ரண்டு கை சேத்தி வெச்சன். ஊரு கண்ணெல்லாம் அதும் மேலதானே வுளுகுது!"

"டாக்டர் கேட்டபோது உங்கள் வீட்டுக்காரர் ஒன்றும் போடவில்லை என்றாரே?"

மீசைக்காரர் முன்னால் வந்தார். "மருந்து போட்டயான்னு கேட்டாருங்க. இல்லைன்னன். மை எப்படிங்க மருந்தாகும்? எம்பட சம்சாரம் கண்ணுக்கும்தான் மை வெக்கறா. அவளுக்கென்ன கண்ணு நோவுங்களா?"

"கேக்கறவங்க நெறைய பேரு இருக்கறாங்கன்னு வாயை அளக்கறாரு பாருங்க," என்றார் அந்த அம்மாள்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. கேள்வியிலும் தவறில்லை. கொம்புக்கு மை வைப்பது அந்தப் பக்கத்தில் தலைக்கு எண்ணெய் தடவுவது மாதிரி. அதைப் போய் யாரும் வைத்தியரிடம் சொல்லமாட்டார்கள்.

நான் ஓடவில்லை, ஆனால் வேகமாக நடந்தேன். டாக்டர் கேட்டதும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "விளக்குக் கரியா! அட பெருமாளே, மறுபடி ஒரு சீவல் போடும் ஓய்."

உடம்பில் ஊறிய கறுப்பை பெர்மாங்கனேட்டும் ஆக்ஸாலிக் அமிலமும் வெளுத்துவிடும். கரியை எந்த மருந்தாலும் வெளுக்க முடியாது. கரும்புற்று உள்ள ஒரு குதிரையின் பழைய சீவல் அலமாரியில் இருந்தது. அதையும் இதையும் சேர்த்தே மருந்தில் வைத்தோம். குதிரையின் சீவல் நிறமிழந்து தவிட்டு நிறமாகி, பிறகு வெறும் கண்ணாடிபோல் ஆயிற்று. எருதின் சீவலில் கறுப்பு அப்படியே நின்றது. டாக்டர் உருப்பெருக்கத்தை ஏற்றி மறுபடி பார்த்தார். துகள்கள் உயிரணுக்களுக்குள்ளே இல்லை. சதையின் வெடிப்புகளிலும் கத்தி போன தடத்திலும் கிடந்தன. அவற்றை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினாற்போல் அடுக்கடுக்காகச் சுழிகள்.

"கொம்புப் புற்று," என்றார். "சந்தேகமே இல்லை. வாரும், நீரே பாரும்."

பார்த்தேன். பத்திரிகையில் எத்தனையோ ஊர்வலங்களையும் திறப்பு விழாக்களையும் எழுதியிருக்கிறேன். எழுதியவற்றில் எதையும் அந்தச் சுழிகளைச் சொல்லும் அளவு உறுதியாகச் சொன்னதில்லை. எங்கள் அறையில் மைக்ராஸ்கோப் ஒன்றுதான். அதன் ஒரு திருகும் சரியில்லை. ஆனாலும் ஓர் உயிர் இருக்குமா போகுமா என்பதைச் சரியாகச் சொன்னோம். அந்தப் பெருமையை அடக்கிச் சொல்ல இப்போதும் எனக்கு விருப்பமில்லை.

மரத்தடியில் செய்தியைச் சொன்னபோது மீசைக்காரருக்குப் பாதிதான் மகிழ்ச்சி.

"கொம்பு போச்சுன்னா ஜோடி போச்சுங்களே. ஒத்தக்கொம்பு மாட்டை ஏர்ல பூட்டுனா ஊரே சிரிக்குமுங்க. சகுனத் தடைம்பாங்க. அப்படியே ஓட்டிட்டுப் போறனுங்க, இருக்கற வரைக்கும் இருக்கட்டும்."

டாக்டர், கொம்பை விட்டுவைத்தால் புற்று மூளையைத் தொடும் என்று விளக்கினார். மீசைக்காரர் தலையை ஆட்டிக்கொண்டே நின்றார். மாடு செத்தால் தாங்கலாம், சிரிப்பைத் தாங்க முடியாது என்பதுபோல் இருந்தது அந்த நிலை.

அந்த அம்மாள் தவிட்டுக் கையை முந்தானையில் துடைத்தார்.

"மாமா, நாளைக்கு உங்க மீசையில ஒரு பக்கம் உதுந்துபோச்சுன்னு வெச்சுக்குங்க. சகுனத் தடைன்னு நான் எங்கப்பன் வூட்டுக்குப் போயிருவனுங்களா?"

டாக்டர் சிரிப்பை அடக்க இருமினார். மீசைக்காரரின் கை தானாக மீசைக்குப் போயிற்று.

"அறுங்க சாமி," என்றார்.

மறுநாள் காலையில் அறுத்தார்கள். மாட்டைப் படுக்கவைத்து, கொம்பின் அடியில் மரத்துப்போக ஊசி போட்டு, டாக்டர் ரம்பம் பிடித்தார். கொம்புக்குள் சாம்பல் நிறச் சதை அடைத்திருந்தது. வேர்வரை சுரண்டியெடுத்து, இரத்தம் நிற்கக் காய்ச்சிய இரும்பை வைத்தார். ஓரத்திலிருந்து எடுத்த துண்டை நான் சீவிப் பார்த்தேன். அதில் சுழிகள் இல்லை, நல்ல சதை. புற்று முழுவதும் வெளியே வந்துவிட்டது என்பதை அந்தச் சீவல்தான் டாக்டருக்குச் சொன்னது. புண் ஆறும்வரை அவர்கள் மரத்தடியிலேயே இருந்தார்கள். தசரா ஊர்வலத்தைக்கூடப் போய்ப் பார்க்கவில்லை.

அடுத்த வருஷம் ராகி அறுப்புக்குப் பிறகு ஒருநாள் ஆஸ்பத்திரி வாசலில் மூட்டை வண்டி ஒன்று வந்து நின்றது. சந்தைக்குப் போகிற வழி. அதே ஜோடி. ஒற்றைக்கொம்பு எருது தலையை நேராக வைத்திருந்தது. டாக்டர் வெளியே வந்து வெட்டுத் தழும்பை அழுத்திப் பார்த்தார். தாடைக்குக் கீழே முடிச்சு ஏதும் உண்டா என்று தடவினார். மூக்கைப் பார்த்தார். ஒன்றுமில்லை. என்னைப் பார்த்தார்.

அந்த நேரம் எதிரே ஒரு பார வண்டி வந்து வழியை அடைத்துக்கொண்டது. அதன் வண்டிக்காரன் எங்கள் எருதைப் பார்த்துவிட்டு, "ஒத்தக்கொம்பு முன்னால வந்துடுச்சே, இன்னிக்கு வியாபாரம் ஆனாப்பலதான்" என்று உரக்கச் சொன்னான்.

மீசைக்காரர் வண்டியில் எழுந்து நின்றார்.

"மைசூர் டாக்டருங்க கண்ணாடியில பாத்து, இது வேண்டாம்னு எடுத்த கொம்புங்க அது. ரண்டு கொம்பு இருக்கற உம்பட மாட்டை முதல்ல ஓரங்கட்டுங்க. எம்பட மாடு போகோணும்."

பார வண்டி ஒதுங்கிக்கொண்டது.