ஈரக்கை மெஷின்

எங்கள் அலுவலகத்தில் யாருடைய கையும் நனைந்ததில்லை. ஏசி போட்ட அறையில், உலர்ந்த விரல்களோடு, நாங்கள் நான்கு பேர் ஒன்றரை வருடம் உட்கார்ந்து கடைக்காரர்களுக்காக ஒரு கார்டு மெஷினை உருவாக்கினோம். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, ஒரு பொத்தான்கூடக் கிடையாது. கடைக்காரர் தொகையைத் திரையில் தொட்டுப் போட வேண்டும். வாங்குபவர் கார்டைக் காட்டலாம், இல்லை மொபைலில் ஸ்கேன் செய்யலாம். அதன் அழகுக்கு என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது.

ஓணம் முடிந்த கையோடு, சோதனைக்காக எங்கள் ஊரில் சாலை என்றே பெயர்கொண்ட பழைய கடைத்தெருவில் பத்துக் கடைகளுக்குக் கொடுத்தோம். ஜவுளிக்கடையிலும் மளிகைக்கடையிலும் நன்றாகவே ஓடியது. பூக்கடைகளில் ஒரு மாதமாகியும் ஒரு வியாபாரம் அதில் நடக்கவில்லை. அந்த மாதிரி ஆட்களுக்குப் பழக்கம் மாறாது என்றார் எங்கள் மேலாளர். அடுத்த ஓணம் வரை பார்ப்போம், அதற்குள் அவர்கள் மெஷினைத் தொடவில்லையென்றால் குழுவைக் கலைத்துவிடலாம் என்றும் சொன்னார். எனக்கு வாடிக்கையாளர் போன் எடுக்கும் பிரிவில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறதாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் அப்பா அதே சாலையில் ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவர். பழக்கம் மாறாதாமே! மாறாமல் அந்தத் தெருவில் ஒரு நாள் பிழைக்க முடியுமா?

மறுநாள் காலையிலேயே ஒரு பூக்கடையில் போய் நின்றேன். கடை நடத்தியவர் தோவாளைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த ஓர் அக்கா. எங்கள் மெஷின் எங்கே என்று தேடினேன். பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கவிட்டிருந்தார். கவர்மேல் குங்குமப் பொட்டு வேறு. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அரைமணி நேரம் சும்மா நின்று பார்த்ததில் விஷயம் விளங்கிவிட்டது. பூ வாடாமலிருக்க அக்கா நிமிடத்துக்கொரு தரம் வாளியில் கைவிட்டுத் தண்ணீர் தெளிக்கிறார். அதே கையால் பிச்சிப்பூவை அள்ளுகிறார், வாழைநாரைப் பிரிக்கிறார், மறுபடி வாளி. எங்கள் மெஷினைத் தொடுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் சேலையில் கையைத் துடைக்க வேண்டும். கூட்ட நேரத்தில் யாரால் முடியும்? ஒருநாள் துடைக்காமல் நாற்பது என்று தொட்டிருக்கிறார். திரையில் தெறித்த சொட்டு தானாக இரண்டு சைபர் போட்டுவிட்டது. வாங்க வந்தவர் நாலாயிரமா என்று சண்டைக்கு வந்துவிட்டாராம். அன்றைக்கு ஆணிக்குப் போனதுதான்.

"மோசம்னு சொல்ல மாட்டேன் மோளே. நல்ல மெஷினுதான், கை உணங்கிக் காஞ்ச ஆளுக்கு," என்றார் அக்கா.

வெட்கமாக இருந்தது. ஒன்றரை வருடத்தில் நாங்கள் ஒரு டம்ளர் தண்ணீரைக்கூட அந்த மெஷின் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

பொத்தான் வைத்த மெஷின் வேண்டும் என்று அலுவலகத்தில் சண்டை போட்டேன். பழைய டெலிபோன் மாதிரி இருக்கும் என்றார் மேலாளர். இருக்கட்டுமே என்றேன். ஓணம் வரைதான் என்று நினைவுபடுத்திவிட்டுச் சம்மதித்தார். முதலில் செய்ததில் பொத்தான்களின் இடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்கி, மூன்றாம் நாளே செத்துப்போனது. அடுத்ததில் எல்லாப் பொத்தான்களையும் ஒரே ரப்பர் விரிப்பாகச் செய்து மூடினோம். அதையும் அக்கா பூக்கூடைக்குள் வைத்து, மேலே தண்ணீரும் தெளித்தார். தாக்குப்பிடித்தது. ஐந்தின் மேல் மட்டும் ஒரு சின்னப் புடைப்பு இருக்கும். இதென்ன பரு என்று கேட்டார். பார்க்காமலே விரலுக்கு இடம் தெரியத்தான் அக்கா என்றேன். கட்டைவிரலால் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

ஓணத்துக்கு முந்தின நாள், உத்திராடம். ஊரே கடைத்தெருவில் பாயும் நாள். மேலாளர் வேட்டி கட்டிக்கொண்டு, பையில் கண்ணாடி மெஷினின் புது மாடலோடு நேரில் வந்துவிட்டார். கடைக்கு முன்னால் ஐந்தாறு வரிசைக்கு ஆள். அக்கா இடதுகையால் கேந்திப்பூ அள்ளிக்கொண்டே, சொட்டச் சொட்ட வலதுகையை மெஷின்மேல் வைத்தார். கட்டைவிரல் பருவைத் தேடியது, தொகை விழுந்தது, கார்டு வந்தது, அடுத்த ஆள். ஒருதடவைகூட அவர் குனிந்து பார்க்கவில்லை.

மேலாளர் விடவில்லை. புது மாடலில் அந்தக் குறையெல்லாம் சரியாகிவிட்டது என்று அதை வெளியே எடுத்தார். அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"எனக்கு நேரமில்ல சாரே. நீங்களே கைய நனச்சிட்டுத் தட்டுங்க," என்று வாளியைக் காலால் தள்ளிவிட்டார்.

வரிசையே வேடிக்கை பார்த்தது. மனிதர் முழங்கைவரை சட்டையை மடித்துக்கொண்டு வாளியில் கைவிட்டார். தொண்ணூறு என்று தொட்டார். திரை ஒன்பதாயிரம் என்றது. அழித்தார், அழியவில்லை. மறுபடி தொட்டார், திரையின் பாஷையே மலையாளத்திலிருந்து இந்திக்கு மாறியது. யாரோ பின்னாலிருந்து சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். பிறகு அதே ஈரக்கையை எங்கள் ரப்பர் பொத்தான்மேல் வைத்தார். தொண்ணூறு என்றால் தொண்ணூறு.

அழித்துவிட்டு இன்னொரு தடவை தட்டிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, இந்த மாடலையே செய்வோம், குழு அப்படியே இருக்கட்டும், இன்னும் ஆள் வேண்டுமானால் கேள் என்றார். இந்த ஒரு வாக்கியத்துக்காக ஒரு வருடம் காத்திருந்தேன். ஜெயித்துவிட்டேன் என்று அந்தத் தெருவுக்கே கேட்கும்படி கத்தலாம் போலிருந்தது. பக்கத்துப் பூக்கடைக்காரர் தலையை நீட்டி, எங்களுக்கு எப்போ தருவீங்க என்று கேட்டார்.

அக்கா எட்டி ஆணியிலிருந்து பழைய கண்ணாடி மெஷினைக் கழற்றினார். கவரைப் பிரித்து, மெஷினை மட்டும் மேலாளரிடம் நீட்டினார்.

"கொண்டு போங்க சாரே. மதி, இத்தன நாள் கும்பிட்டது போதும்."

அதை வாங்குவதற்கு முன்னால், மேலாளர் கையை வேட்டியில் நன்றாகத் துடைத்துக்கொண்டார்.